கூச்சப் பிள்ளைக்கும் இடமுள்ள கோடை முகாம்: நான்கு நாள் முகாமை நடத்துவது எப்படி?

12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் சுமார் 40 பேரை மூன்று இரவு தங்கவைத்து நடத்தும் கிறிஸ்தவ சபை முகாமுக்கான வழிகாட்டி இது. காலையில் வந்து மதியம் வீட்டுக்குப் போகும் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேறு மாதிரி, அதற்கு இதில் பாதிதான் பொருந்தும். நான் திருநெல்வேலிப் பக்கம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். மலையடிவாரத்தில், கோடையில் காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளி விடுதியில் 11 வருடமாக இந்த முகாமை நடத்துகிறோம். முதல் மூன்று வருடம் செய்ததில் பாதி தப்பு.

புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நல்ல பேச்சாளரையும் நல்ல பாட்டுக் குழுவையும் பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு விசுவாசமும் தைரியமும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது வரும் வரிசையே வேறு. முதலில் உடம்புக்கு அந்த இடம் பழக வேண்டும். அப்புறம் ஒரு நண்பன் கிடைக்க வேண்டும். அப்புறம் கையில் ஒரு வேலை, அதற்குப் பின் வாயில் சொல். மனதில் கிடக்கும் உண்மையான கேள்வி கடைசியில்தான் வெளியே வரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசைப்படி அமைந்தவை.

1. தேதியைக் குறிப்பது (பிப்ரவரியிலேயே)

பள்ளித் தேர்வு அட்டவணை, ஈஸ்டர், சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை, ஊர்க் கோயில் கொடை, இவை எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் எழுதிப் பாருங்கள். கொடை நடக்கும் வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வராது, பேருந்தும் கிடைக்காது.

கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் தொடங்கி கடைசி வாரம் வரை நிற்கும். சமவெளியில் நடத்துவதானால் ஏப்ரல் கடைசி வாரம் பரவாயில்லை.

புதன் காலை தொடங்கி சனி மதியம் முடியுங்கள். மறுநாள் ஞாயிறாக இருப்பது முக்கியம். பிள்ளை ஒரு இரவு தன் வீட்டில் தூங்கி எழுந்து, மறுநாளே சொந்த சபையில் நின்று ஏதாவது செய்ய வேண்டும். திங்கள்கிழமை முடியும் முகாமுக்குப் பின் ஞாயிறு வர ஆறு நாள் ஆகிறது. அதற்குள் பாதி ஆறிப்போய்விடும்.

2. இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது

புகைப்படத்தைப் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். போனதும் முதலில் கழிப்பறைக்குப் போங்கள். ஒவ்வொரு கதவின் தாழ்ப்பாளையும் உங்கள் கையால் போட்டு எடுங்கள்.

இது ஏன் முதல் வேலை என்று எங்களுக்குப் புரிந்தது இரண்டாம் வருடத்தில். மூன்று பெண்பிள்ளைகள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். வெயில் என்று நினைத்தோம். ஒரு அக்கா உட்கார்ந்து மெதுவாக விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. பெண்கள் பக்கம் இரண்டு கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் சரியில்லை. அங்கே போகவேண்டி வரும் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அன்று காலை நாங்கள் கொடுத்த செய்தியின் தலைப்பு 'பயப்படாதே'. 20 ரூபாய்த் தாழ்ப்பாள் செய்ய வேண்டிய வேலையை ஒரு மணி நேரப் பிரசங்கத்தால் செய்ய முடியவில்லை.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு கழிப்பறை என்பது எங்கள் கணக்கு. ஆண், பெண் தங்குமிடம் தனித்தனிக் கட்டடத்தில் இருக்க வேண்டும். தங்குமிடத்திலிருந்து கழிப்பறை வரை இரவு முழுக்க விளக்கு எரிய வேண்டும். நாப்கின் போட மூடியுள்ள வாளி வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று வண்டியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மலை வாசஸ்தலம் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். சீசனில் வாடகையும் ஏறிவிடும். ஏற்காடு என்றால் சேலம் பக்கத்திலிருந்து ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் 40 பிள்ளைகளை ஏற்றிப் பாருங்கள், வாந்தியோடுதான் முகாம் தொடங்கும். முதல் முகாம் நடத்துகிறவர்களுக்கு என் யோசனை: வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு பள்ளி விடுதியைப் பாருங்கள்.

பக்கத்தில் அணை, ஆறு, கிணறு, அருவி இருந்தால் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை என்று எழுதியே வைத்துவிடுங்கள். "காலை மட்டும் நனைச்சுட்டு வர்றோம்ணா" என்பதற்கும் அனுமதி கிடையாது. இதில் நான் யாரோடும் விவாதம் செய்வதில்லை.

3. ஆட்களைச் சேர்ப்பது

ஏழு பிள்ளைக்கு ஒரு குழு. பையன்கள் குழுவுக்கு ஒரு அண்ணன், பெண்பிள்ளைகள் குழுவுக்கு ஒரு அக்கா, ஒவ்வொரு குழுவிலும் ஒரு உதவியாளர். 40 பிள்ளைக்கு ஆறு குழு, 12 பேர். சமையல், மருந்து, கணக்கு பார்ப்பவர்கள் தனி. ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, எந்தக் குழுவும் கொடுக்காதீர்கள். அவர் எல்லாக் குழுவோடும் சாப்பிட வேண்டும்.

மேடையில் நன்றாகப் பாடுகிறவரை அண்ணனாகப் போடுவது வழக்கமான தவறு. நான் தேடும் தகுதி வேறு. பந்தியில் தன் இலையைப் போடுமுன் பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்ப்பவராக இருக்க வேண்டும். இதை ஒரு சபை விருந்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பாதுகாப்பு விதிகளை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. தனியாக ஜெபிக்க வேண்டுமானால் திறந்த வராண்டாவில், மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளோடு தனி வாட்ஸ்அப் பேச்சு கூடாது. அடிக்கக் கூடாது, காதைத் திருகக் கூடாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கேட்டவரின் கடமை. சபைக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இதைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. "உனக்கு உதவி தேவைப்பட்டால் உதவி செய்யக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லப் பழக்குங்கள்.

4. பெற்றோர் படிவம்

பெயர், வயது, கைபேசி எண், ரத்த வகை எல்லாம் வழக்கம்போல. வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மாத்திரை, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். 'ஏதாவது நோய் உண்டா?' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள்.

கடைசியில் இரண்டு கேள்விகள் சேர்க்கிறோம். ஒன்று, 'உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும்?' மற்றொன்று, 'வீட்டில் எந்த வேலையைச் சொல்லாமலே செய்யும்?' இரண்டாவது கேள்வியின் பதில்தான் ஏழாம் படியில் கைகொடுக்கப் போகிறது. அதனால் அந்த வரி காலியாக வந்தால் போன் போட்டுக் கேட்டு எழுதிவிடுவோம்.

எங்கள் முகாமுக்கு இந்து வீட்டுப் பிள்ளைகளும் நண்பர்களோடு வருவார்கள். அவர்கள் பெற்றோரிடம் ஒளிவு மறைவு வேண்டாம்: வேதாகமம் படிப்போம், பாடுவோம், ஜெபிப்போம், யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேரில் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. 'விளையாட்டு முகாம்' என்று சொல்லிக் கூட்டிவருவது நேர்மையில்லை. விசுவாசத்தைச் சொல்லித்தர வந்தவர்கள் பொய்யில் தொடங்கக் கூடாது.

கட்டணச் சலுகை யாருக்கு என்பது பொருளாளருக்கும் ஐயருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பேருந்தில் ஏறும் இடத்தில் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு "நீ இன்னும் கட்டலையே" என்று ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் நான்கு நாளும் தலை நிமிரவில்லை.

5. பாடம்: நான்கு நாளுக்கு ஒரே இழை

ஒரு நாளைக்கு ஒரே பகுதி. பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் 12 கொடுத்து, பரிசு வைத்து ஓட்டப்பந்தயமாக்கினால் நினைவாற்றல் உள்ள நாலு பேர் ஜெயிப்பார்கள். மற்றவர்கள் வேதாகமத்தையும் ஒரு பரீட்சையாக எண்ணிக்கொள்வார்கள்.

'என்னால் முடியாது என்று சொன்னவர்கள்' என்ற இழையைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். முதல் நாள் கிதியோன் (நியாயாதிபதிகள் 6). ஒளிந்து நின்று கோதுமையைப் போரடித்தவன். தன் தகப்பன் வீட்டில் தானே எல்லாரிலும் சிறியவன் என்றவன். புது இடத்துக்கு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு இவனைப் புரியும்.

இரண்டாம் நாள் மோசே (யாத்திராகமம் 4). திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். அவனுக்குத் துணையாக ஆரோன் வந்தான். வேலையும் துணையும் கிடைக்கும் நாளுக்கு இது பொருந்தும். மூன்றாம் நாள் மாற்கு 9-இல் மகனைக் குணமாக்கக் கேட்டு இயேசுவிடம் வரும் தகப்பன்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னவர். கேள்வி கேட்கும் நாள் அது. நான்காம் நாள் எரேமியா 1, சிறுபிள்ளை என்று தயங்கியவனை அனுப்பிவைத்த கதை. வீடு திரும்பும் நாள்.

வரிசையை மாற்றாதீர்கள். ஒருமுறை பேச்சாளரின் வசதிக்காக மாற்கு 9-ஐ முதல் நாளுக்குக் கொண்டுவந்தோம். ஒரு கேள்விகூட வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாத இடத்தில் யார் தன் சந்தேகத்தைச் சொல்வார்கள்?

6. முதல் நாள்: உடம்பும் நண்பனும்

பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், அப்புறம் கழிப்பறை இருக்கும் இடம், அப்புறம் படுக்கும் இடம். பெட்டியை வைத்த பிறகுதான் பாட்டு. கைபேசி கொண்டுவந்தவர்களிடம் பெயரெழுதிய கவரில் வாங்கிப் பூட்டுங்கள். வீட்டுக்குப் பேசக் குழுத்தலைவரின் போன் மாலை ஆறு மணிக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் பாதி கலக்கம் தீரும்.

குழு பிரிக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த முகம் ஒன்று, ஒன்றே ஒன்று, அதே குழுவில் இருக்கும்படி பாருங்கள். ஒரு தெருப் பிள்ளைகள் நாலு பேரையும் ஒரே குழுவில் போட்டால் அது தனித் தீவாகிவிடும். ஒருவரையும் தெரியாத குழுவில் போட்டால் இரவு அழுகை.

அறிமுகத்துக்கு மைக்கை எடுக்காதீர்கள். 40 பேருக்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து பெயரும் லட்சியமும் சொல்லச் சொல்வது நம்மூரில் எல்லா முகாமிலும் நடக்கிறது. கூச்சமுள்ள பிள்ளை தன் முறை வரும்வரை நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும். மற்றவர் பெயர் ஒன்றும் காதில் விழாது. அதற்குப் பதில் இருவர் இருவராக நடக்க விடுங்கள். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் மற்றவருக்குப் பிடித்த சாப்பாடு, கூடப் பிறந்தவர்கள், வீட்டில் வளரும் நாயோ ஆடோ கோழியோ, இவற்றைக் கேட்டு வர வேண்டும். கேட்டதை மறுநாள் குழுவின் ஏழு பேருக்குள் மட்டும் சொன்னால் போதும். முகாம் முழுவதும் குரலை இப்படித்தான் வளர்க்கிறோம்: முதல் நாள் இருவருக்குள், இரண்டாம் நாள் ஏழு பேருக்குள், மூன்றாம் நாள் இரண்டு குழு சேர்ந்து, நான்காம் நாள் விரும்புகிறவர் எல்லோர் முன்பும். ஒரு படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்லக்கூடாது.

ஜெபத்துக்கும் இதே விதி. "நீ ஜெபம் பண்ணு" என்று திடீரெனக் கைகாட்டாதீர்கள். முதல் நாள் ஒரு வரி எழுதினால் போதும்.

இரவு எட்டரை மணிக்கு வீட்டு நினைப்பு வரும். வெளிச்சம் குறைந்து, வேலை ஒன்றும் இல்லாத நேரம் அது. அந்த நேரத்தில் குழு அறையில் கதையும் ஒரு டம்ளர் பாலும் இருக்கட்டும். அழும் பிள்ளையிடம் "பெரிய பையன் அழலாமா" என்று கேட்பது வேலைக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கம்மா இந்நேரம் என்ன செய்துகிட்டு இருப்பாங்க?" என்று கேளுங்கள். பேசப் பேச அடங்கிவிடும். பத்து மணிக்கு எல்லோரும் படுத்தாக வேண்டும், பெரியவர்களும்தான்.

7. இரண்டாம் நாள்: கையில் ஒரு வேலை

எனக்குப் பிடித்த நாள் இது. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும். மணி அடிப்பவர், தண்ணீர்க் கேனைப் பார்ப்பவர், விளக்கு அணைப்பவர், பாட்டுத் தாளை விநியோகிப்பவர், வேதபாகம் வாசிப்பவர், செருப்புகளை வரிசையாக அடுக்கிவைப்பவர். 40 பிள்ளைக்கு 40 வேலை எழுத ஒரு மாலை முழுக்க ஆகும். எழுதுங்கள்.

மூன்று நிபந்தனைகள் உண்டு. அந்த வேலை நடக்காவிட்டால் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒரே வேலையை முகாம் முடியும்வரை அதே பிள்ளை செய்ய வேண்டும். பெரியவர் யாரும் இடையில் புகுந்து செய்துவிடக் கூடாது. இந்த மூன்றாவதுதான் கஷ்டம். மணி அடிக்க ஐந்து நிமிடம் தாமதமானால் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், பசித்த 39 பேர் போய் அவளைக் கூப்பிடட்டும். அடுத்த வேளைக்கு அவள் கால் மணி முன்பே மணிக்கருகே போய் நிற்பாள்.

ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். ஒன்றரை நாள் வாயே திறக்கவில்லை. பெயர் கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகுவான். அவன் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். படிவத்தில் 'சொல்லாமலே கடையில் டீ போடுவான்' என்று எழுதியிருந்தது. சமையல்காரரிடம் பேசி, மாலை டீயை அவனிடம் விட்டோம். 50 பேருக்கு டீ. பாலின் அளவைக் கண்ணால் பார்த்தே சொன்னான். பொடியைக் கையில் அள்ளி மோந்து பார்த்து, "இது சரியா இறங்காது, கொஞ்சம் கூடப் போடணும்" என்றான். முகாமில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். மாலையில் பிள்ளைகள் இரண்டாவது டம்ளருக்கு வரிசையில் நின்றார்கள்.

இரவு குழுவில் மோசேயைப் பற்றிப் பேசும்போது அவனாகவே கேட்டான்: "மோசேக்குப் பேச ஆரோன் வந்தாரு. ஆரோன் இல்லாதவங்க என்னண்ணா பண்ணுவாங்க?" அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பையன், "நான் வர்றேன்டா" என்றான். அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இந்த நாளில் நடக்கும் பெரிய தவறு, நல்ல வேலைகள் எல்லாம் ஐயர் வீட்டுப் பிள்ளைக்கும், பாடத் தெரிந்த பிள்ளைக்கும் போய்விடுவது. ஏற்கெனவே மைக் பிடித்துப் பழகிய பிள்ளைக்குச் செருப்பு அடுக்கும் வேலையைக் கொடுங்கள். அதற்கும் அது தேவை.

8. காலைத் தியான வேளை

'போய் வேதம் வாசித்து ஜெபி' என்று அனுப்பினால் பாதிப் பேர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். 20 நிமிடம் போதும். பத்து வரிக்கு மேல் போகாத ஒரு பகுதி, ஒரு சின்ன நோட்டு, மூன்று கேள்விகள்: இதில் யார் என்ன செய்தார்கள்? எனக்குப் புரியாதது எது? இன்று கடவுளிடம் ஒரு வரியில் என்ன சொல்வேன்?

நடுக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். புரியவில்லை என்று எழுத அனுமதி கிடைத்த பிள்ளைதான் வீட்டுக்குப் போயும் வாசிக்கும். மர நிழலில் ஆளுக்கொரு இடம் இருக்கட்டும், ஆனால் எல்லோரும் கண்ணுக்கெட்டும் தூரத்தில். நோட்டை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது, அண்ணன்கூட.

9. விளையாட்டும் வெயிலும்

காலை 11 முதல் மாலை 4 வரை கூரைக்கு வெளியே எதுவும் வேண்டாம். கபடி, கிரிக்கெட் இரண்டும் நல்லதுதான்; ஆனால் பலமுள்ளவனே ஜெயிப்பான், பெண்பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள். அவுட்டானவர் வெளியே உட்காரும் விளையாட்டுகளைத் தவிருங்கள். முதலில் அவுட்டாவது எப்போதும் அதே பிள்ளைகள்தான், அவர்கள்தான் அதிக நேரம் சும்மா உட்கார வேண்டி வருகிறது. குழுவாகச் செய்யும் நாடகம், கயிறு இழுத்தல், கண்ணைக் கட்டி வழிநடத்துவது இவை எல்லோரையும் உள்ளே இழுக்கும்.

நீர்மோர், எலுமிச்சைச் சாறு, கிடைத்தால் நுங்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இருக்கட்டும்; இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தட்டையாக அளந்து கலக்குங்கள். மயக்கம், தலைவலி, உடல் கொதிப்பு என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். பேச்சு குழறினால் அங்கே நின்று ஜெபித்துக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள். ஜெபத்தை வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

10. மூன்றாம் நாள்: கேள்விப் பெட்டி

மூடியில் ஓட்டை போட்ட செருப்பு டப்பா ஒன்றை முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம். எல்லோரும் ஒரு சீட்டாவது போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் வெற்றுச் சீட்டு. அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது.

முதல் நாள் வருபவை: ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா, டைனோசர் பேழையில் ஏறியதா. மூன்றாம் நாள் காலை எழுத்து மாறிவிடும். 'அப்பா குடிக்கிறார். ஐந்து வருடமாக ஜெபிக்கிறேன். ஏன் நிற்கவில்லை?' இந்தச் சீட்டு ஏதாவது ஒரு கையெழுத்தில் வராத வருடமே கிடையாது.

இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று முந்தின இரவே ஐயரும் குழுத்தலைவர்களும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். 'உன் விசுவாசம் போதவில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவின் குடிக்குப் பிள்ளையைப் பொறுப்பாக்குவது அது. நாங்கள் சொல்வது: இது உன் தப்பு இல்லை, குடி ஒரு நோயும்கூட, அதற்குச் சிகிச்சை உண்டு, ஏன் என்று எனக்கும் முழுதாகத் தெரியாது, மாற்கு 9-இல் அந்தத் தகப்பனும் பாதி நம்பிக்கையோடுதான் வந்தார், இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவுதான். "எனக்கும் தெரியாது" என்று ஐயர் மைக்கில் சொன்ன வருடம்தான் மதியத்துக்குள் பெட்டி மறுபடி நிரம்பியது.

இரவில் தீர்மான வேளை, அதாவது இயேசுவைப் பின்பற்றத் தீர்மானிக்க அழைக்கும் நேரம், வைப்பது நம் முகாம்களில் வழக்கம். வையுங்கள், ஆனால் எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள். மூன்று நாள் அலைச்சல், இருட்டு, மெல்லிய கீபோர்டு இசை, நரகத்தைப் பற்றிய கதை எல்லாம் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் அழும். காலையில் அதற்கே காரணம் தெரியாது. விளக்கு முழுதாக எரியட்டும். கையை உயர்த்தச் சொல்லி எண்ணாதீர்கள். எண்ணிக்கை பிள்ளைக்குப் பயன்படுவதில்லை, நம் அறிக்கைக்குத்தான் பயன்படுகிறது. ஒரு தாளில் நான்கு வாக்கியங்களை அச்சிட்டுக் கொடுத்து, தனக்குப் பொருந்துவதற்கு டிக் அடிக்கச் சொல்லுங்கள்: இயேசுவைப் பின்பற்ற விரும்புகிறேன்; ஏற்கெனவே பின்பற்றுகிறேன், பலம் வேண்டும்; இன்னும் கேள்வி இருக்கிறது; இப்போது எதுவும் சொல்ல விரும்பவில்லை. நாலாவது வரிக்கு டிக் அடித்த பிள்ளைக்கும் அதே இரவு அதே பால் டம்ளர்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு) பற்றிய பேச்சை முகாமில் எடுக்க வேண்டாம். அது குடும்பமும் சபையும் பொறுமையாகச் செய்ய வேண்டியது.

11. நான்காம் நாள்: வீட்டுக்கு ஒத்திகை

சனிக்கிழமை காலை புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்காதீர்கள். எரேமியாவைச் சுருக்கமாக முடித்துவிட்டு ஒத்திகைக்குப் போங்கள். வீட்டுக்குப் போனதும் "என்ன படிச்ச?" என்று கேட்பார்கள். அதற்கு இரண்டு வாக்கியத்தில் என்ன சொல்வாய்? இருவர் இருவராகச் சொல்லிப் பார்க்கட்டும். கேலி செய்யும் அண்ணனாக ஒருவர் நடித்தால் கலகலப்பாக இருக்கும்.

'சாட்சி' என்ற பெயரில் பெரிய பாவக் கதை சொன்னால்தான் கைதட்டல் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு உண்டு. 13 வயதில் சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் கற்பனையாகச் சேர்ப்பார்கள். நாங்கள் கேட்பது ஒன்றே: இந்த நான்கு நாளில் முன்பு செய்யாத எதைச் செய்தாய்? ஒரு நிமிடம் மட்டும். பேச விருப்பமில்லாதவர் பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம்.

மறுநாள் ஆராதனையில் வேதபாகம், காணிக்கை எடுப்பது, வாசலில் வரவேற்பது எல்லாம் பிள்ளைகளுக்கு. முகாமில் என்ன வேலை செய்தார்களோ அதையொட்டியே கொடுங்கள். மணி அடித்தவள் கோயில் மணியை அடிக்கட்டும். இதற்கு உபதேசியாரின் (ஆராதனையைக் கவனிக்கும் சபை ஊழியர்) சம்மதத்தை மார்ச் மாதமே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை இரவு போய்க் கேட்டால் கிடைக்காது, கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

12. பின்வரும் ஆறு வாரம்

பெரும்பாலான சபைகளில் முகாம் கணக்கு முடித்ததோடு சரி. அண்ணன், அக்கா ஒவ்வொருவரும் தங்கள் ஏழு பிள்ளைகளையும் ஆறு வாரத்துக்குள் இரண்டு முறையாவது வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், பெற்றோர் இருக்கும் நேரத்தில். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் ஒன்று. வகுப்பும் நண்பர்களும் மாறும் அந்த வாரத்தில்தான் முகாமில் கிடைத்த தைரியம் ஆட்டம் காணும்.

தியான நோட்டை எடுத்துவரச் சொல்லிச் சோதிக்காதீர்கள். "இந்த வாரம் புரியாத வரி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டால் போதும். முகாமுக்குப் பின் வாசிக்க மாற்கு சுவிசேஷத்தைக் கொடுக்கிறோம். 16 அதிகாரம்தான், வாரத்துக்கு மூன்று என்றால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும், ஒன்றிரண்டு நாள் விட்டுப்போனாலும் பிடித்துவிடலாம்.

கடைசியாக ஒரு நீளமான நோட்டுப் போடுங்கள். பிள்ளையின் பெயர், முகாமில் செய்த வேலை, சபையில் இப்போது செய்யும் வேலை, கடைசியாகச் சந்தித்த தேதி. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் பெயர்களை ஆகஸ்டில் ஐயரிடம் காட்டுங்கள். அடுத்த ஜனவரியில் உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, 16 வயதானவர்களை இந்த நோட்டிலிருந்தே எடுங்கள். எங்கள் டீக்காரப் பையன் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், அண்ணனாக வருகிறான். இந்த வருடம் டீயை வேறொருவரிடம் விடச் சொன்னோம். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கிறேன் என்கிறான்.